வெட்டியவர் காடு, நட்டவர் மரம்: மேல் கபுவாஸ் ஆற்றூர்களில் உடைமை

1. கேள்வி

போர்னியோவின் நடுமலைகளில் பிறந்து, மேற்கே 1,143 கிலோமீட்டர் ஓடிக் கடல் சேரும் கபுவாஸ்தான் இந்தோனேசியாவின் மிக நீளமான ஆறு. அதன் மேல்பகுதி கபுவாஸ் ஹூலு மாவட்டம். மாவட்டத் தலைநகர் புத்துசிபாவ். சாலை வருவதற்கு முன்பு, கடற்கரையிலுள்ள பொந்தியானாக்கிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து நாள்கணக்கில் படகில் ஏறினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். மாவட்டத்தின் கிளையாற்றுக் கரைகளில் ஈபான், காந்து, எம்பாலோ முதலிய தயாக் மக்களின் ஊர்களும், ஏரிக்கரைகளில் மலாய் மீனவர்களின் ஊர்களும் உள்ளன. வடக்கே மலைத்தொடரைத் தாண்டினால் மலேசியாவின் சரவாக்.

இந்த ஊர்களில் யாருக்கு எது சொந்தம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, பெரும்பாலான நிலத்துக்குப் பட்டாவும் இல்லை. ஆனால் பிறர் மரத்தைக் கேளாமல் வெட்டியவரை ஊர்க்கூட்டம் அழைத்து விசாரித்துத் தண்டம் விதிக்கும். வெளியிலிருந்து வந்தவர்கள் இக்கேள்விக்கு இரண்டு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். காலனி அரசும் அதன் வழிவந்த அரசும் சொன்ன விடை: இங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, ஆகவே காடு அரசுடையது. பழங்குடி உரிமைக்காகப் போராடுவோர் சொல்லும் விடை: இங்கே எல்லாம் எல்லோருக்கும் பொது. முதல் விடை செய்த கேடு பெரிது. இரண்டாவது நல்லெண்ணத்தில் பிறந்தது. எனினும் ஊருக்குள் உடைமை உண்மையில் இயங்கும் விதத்தை இரண்டுமே காணத் தவறுகின்றன என்பது என் துணிபு.

2. நீள்வீடு: ஒரு கூரை, பல குடும்பங்கள்

ஈபான் ஊர் என்பது பெரும்பாலும் ஒரே வீடுதான். தூண்கள்மேல் உயர்ந்து நிற்கும் அந்த நீள்வீட்டில் குடும்பத்துக்கு ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் அக்குடும்பத்தின் இருப்பிடமான பிலிக். முன்னால், வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையின்றி ஓடும் ருவாய் என்ற கூடம். அதற்கு வெளியே நெல் உலர்த்தும் திறந்த தளமான தஞ்சு. எம்பாலோ ஹூலு வட்டத்திலுள்ள சுங்கை ஊத்திக்கில், 1970களில் கட்டிய நீள்வீட்டில் 28 கதவுகள் இருக்கின்றன. மாலையில் ருவாயில் பாய் முடைபவர்களும் வலை பின்னுபவர்களும் கூடி உட்கார்ந்திருப்பதைக் காணும் விருந்தாளிக்கு இது பொதுவுடைமைச் சமுதாயம் என்று தோன்றுவது இயல்பு.

மானிடவியலாளர் டெரெக் ஃப்ரீமன் அப்படி எண்ணவில்லை. 1949 முதல் 1951 வரை எல்லைக்கு அப்பால் சரவாக்கின் பாலே ஆற்றுப் பகுதியில் ஈபான் மக்களோடு வாழ்ந்து அவர் எழுதியவை இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்கள். நீள்வீடு ஒரே குடும்பமன்று. தனித்தனியே பயிரிட்டு உண்ணும் குடும்பங்கள் ஒரு வரிசையில் நிற்கும் கட்டடம் என்று அவர் நிறுவினார். ஒவ்வொரு குடும்பமும் தன் பகுதியைத் தன் மரத்தால் கட்டுகிறது. பிலிக் மட்டுமல்ல, அதற்கு நேர் எதிரேயுள்ள ருவாய்த் துண்டும் தஞ்சுத் துண்டும் அக்குடும்பத்தின் பொறுப்பு. பலகை இற்றுப்போனால் மாற்றவேண்டியவர்கள் அவர்களே. நடக்கவும் உட்காரவும் பேசவும் அது எல்லோருக்கும் உரியது. புழக்கம் பொது, உடைமை தனி. இந்த இரட்டை இயல்பை மனத்தில் வைத்துக்கொண்டால் காட்டிலுள்ள உரிமைகளைப் புரிந்துகொள்வது எளிது.

பிலிக்குக்கு வாரிசு விதி உண்டு. பெற்றோருடன் ஒரு பிள்ளை தங்கவேண்டும். அது மகனாக இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். மற்றவர்கள் மணம்முடித்து வேறு பிலிக்குக்குப் போய் அங்கே உறுப்பினராவார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு பிலிக்கைத்தான் சேர்ந்தவராக இருக்க முடியும். பழைய தாழிகளும் வெண்கலச் சேகண்டிகளும் குடும்பத்தின் விதைநெல்லும் பிலிக்கின் பெயரில் நிற்கும், தனியாள் பெயரில் அல்ல. மகளும் மகனும் ஒரே தகுதியில் வாரிசாகும் இதுபோன்ற ஏற்பாடு வேறொரு தயாக் ஊரில் பின்னால் என்ன ஆயிற்று என்பதை ஐந்தாம் பகுதியில் காண்போம்.

அண்டையிலுள்ள எம்பாலோ மக்களிடம் நிலைமை வேறு. விக்டர் கிங் 1985-இல் வெளியிட்ட நூல் விவரிப்பதுபோல், அவர்களிடையே பிரபுக்கள், குடிமக்கள், அடிமைகள் என்ற படிநிலைகள் இருந்தன. ஒரே மாவட்டத்தில், ஒரே ஆற்று வலையில், இவ்வளவு மாறுபட்ட சமூகங்கள் இருந்தன. தயாக் மரபு என்று ஒருமையில் பேசுவோர் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

3. முதல் வெட்டு

மலைநெல் விளைவிக்கக் காட்டை வெட்டி, உலர்த்தி, வறண்ட மாதங்களில் எரித்து, மழை தொடங்கும்போது சாம்பல் நிலத்தில் விதைக்கிறார்கள். ஆண்கள் கூர்க்கழியால் குழியிட்டபடி முன்னால் போக, பெண்கள் பின்னால் வந்து குழிகளில் விதை போடுவார்கள். ஓரிரு அறுவடைக்குப் பின் நிலத்தைக் காடாக விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். அதிகாரிகள் இதை நாடோடி வேளாண்மை என்றும் கைவிடப்பட்ட நிலம் என்றும் எழுதி வைத்தார்கள்.

கைவிடப்பட்டதாகத் தோன்றும் அந்த நிலத்தில்தான் உடைமை தொடங்குகிறது. கன்னிக்காட்டில் பெருமரங்களை முதன்முதலில் வெட்டிச் சாய்ப்பது உயிருக்கு ஆபத்தான வேலை. பல ஆட்கள் பல வாரம் உழைக்கவேண்டும். அந்த உழைப்பைக் கொட்டிய குடும்பத்துக்கு, அங்கே மீண்டும் முளைக்கும் இளங்காட்டின்மேல் உரிமை பிறக்கிறது. பத்து, பதினைந்து, இருபது ஆண்டு கழித்து அதை மறுபடி வெட்டும் உரிமை அவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் உண்டு. மற்றவர் அங்கே பயிரிட விரும்பினால் கேட்கவேண்டும், பெரும்பாலும் மறுப்பதில்லை. இந்த ஓடை, அந்த மேடு, பாட்டனார் எரித்த ஆண்டு என்று எல்லைகள் நினைவில் வாழ்கின்றன. ஊரின் ஒட்டுமொத்த நிலப்பரப்பான மெனுவா அனைத்துக் குடும்பங்களுக்கும் உரியது. அதற்குள் பிலிக் உரிமைகள் திட்டுத் திட்டாகக் கிடக்கின்றன.

ஃப்ரீமன் ஈபான் மக்களைக் காடுதின்னிகள் என்று கருதினார். நிலத்தை வறட்டிவிட்டு மேலே நகர்பவர்கள் என்று எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். கிறிஸ்டின் படோக் 1982-இல் காட்டியதுபோல், ஃப்ரீமன் கண்டவர்கள் புதுக்காட்டைத் தேடிப்போன முன்னோடிக் குடியேறிகள். பழைய குடியிருப்புகளில் ஈபான் மக்கள் தலைமுறைகளாக ஒரே நிலத்தைச் சுழற்சியில் பயன்படுத்தி வந்தனர். எம்பனாங் ஆற்றுக் கரையில் காந்து மக்களிடையே 1974 முதல் 1976 வரை களப்பணி செய்த மைக்கேல் டவ் இன்னொன்றையும் கவனித்தார். இளங்காட்டின்மேல் குடும்பத்துக்குள்ள உரிமை எக்காலத்துக்கும் ஒன்றுபோல் இருந்ததன்று. போர்களும் தலைவேட்டையும் ஓய்ந்து, கன்னிக்காடு அருகி, நீள்வீடுகள் ஓரிடத்தில் நிலைபெற்றபோதுதான் அது இறுகியது. மரபு என்று நாம் அழைப்பதற்கும் வரலாறு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இப்பகுதியில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

4. மரமும் தேன்பலகையும்

நிலத்தின்மேல் ஒரு வகை உரிமை, அதில் நிற்கும் மரத்தின்மேல் வேறொரு வகை உரிமை என்பதுதான் இந்த ஊர்களை விளங்கிக்கொள்ள நமக்குள்ள முக்கியமான திறவு.

நீள்வீடு இடம்பெயர்ந்தபின், பழைய இடத்தில் அடுப்படியில் எறிந்த கொட்டைகளும் முற்றத்தில் நட்ட கன்றுகளும் வளர்ந்து டூரியான், ரம்புத்தான், தெங்காவாங் மரங்கள் நிறைந்த தோப்பாகின்றன. மலாயில் தெம்பாவாங் என்பார்கள். வான்படத்தில் அது காடு. ஊரில் கேட்டால் மரத்துக்கு மரம் உரியவர் பெயர் வரும். மேற்குக் கலிமந்தானின் கடலோரப் பகுதியில், சிங்காவாங் நகருக்கருகே பாகாக் என்ற ஊரில் ஆய்வு செய்த நான்சி பெலூசோ 1996-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்தது. அங்கே டூரியான் மரங்களுக்குப் பெயர் உண்டு. நட்டவர் பெயர், அல்லது மரத்தடியில் நடந்த சம்பவத்தின் பெயர். நட்டவரின் சந்ததி முழுவதும் பழத்துக்குப் பங்காளிகள். பழம் பழுத்துத் தானே விழவேண்டும், ஏறிப் பறிக்கலாகாது. ஆகவே பருவத்தில் பங்காளிகள் இரவில் மரத்தடியில் குடிசை போட்டுக் காத்திருப்பார்கள். டூரியான் நூறாண்டு கடந்தும் காய்க்கும். தலைமுறை ஏற ஏறப் பங்காளிகள் பெருகுகிறார்கள். முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். தூரத்து ஊரில் வாழ்பவரின் பங்கு மெல்லத் தேய்கிறது. ஒரு மரத்தைப் பற்றிய சொத்துரிமை ஒரு வம்சாவளியைப் பற்றிய அறிவாகவும் இருக்கிறது.

இன்னும் நுணுக்கமான ஏற்பாட்டைச் செந்தாரும் ஏரிகளில் காணலாம். கபுவாஸின் வெள்ளநீரைத் தேக்கி வைக்கும் இந்த ஏரித்தொகுதி 1999-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,32,000 ஹெக்டேர். மழைக்காலத்தில் நீர் பத்து மீட்டருக்கும் மேல் உயர்ந்து மரங்களின் உச்சியைத் தொடும். கோடையில் பல ஏரிகள் வற்றிச் சேற்றுத் திடலாகும். இங்குள்ள மலாய் மீனவர்களின் இன்னொரு தொழில் தேன். பெருந்தேனீ மனிதர் சொல்லுக்குக் கட்டுப்படாத காட்டுயிர்; பெட்டியில் அடைத்து வளர்க்க முடியாது. ஆனால் அது சாய்ந்த தடித்த கிளையில் கூடு கட்ட விரும்பும். ஆகவே தெம்பெசு என்ற வைரம் பாய்ந்த மரத்தில் ஆள் உயரத்துக்குக் குறையாத பலகை செதுக்கி, மழைநீர் வழிந்தோட முதுகை வளைவாக இழைத்து, நீரில் நிற்கும் மரங்களின் கிளைகளுக்கிடையே சாய்வாகப் பொருத்துகிறார்கள். இதுதான் திக்குங். பலகையில் உரியவரின் குறி வெட்டப்பட்டிருக்கும். எங்கிருந்தோ பறந்து வரும் தேனீக்கூட்டம் அதில் கூடு கட்டினால், தேன் பலகைக்காரருக்கு. அடுத்தவர் திக்குங்கில் கை வைத்தாலும், அவர் பலகைக்கு மிக அருகே புதுப்பலகை வைத்தாலும் தண்டம் உண்டு. பலகையும் அது நிற்கும் இடமும் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும்.

இவற்றைக் கண்காணிப்பது பெரியாவ் என்ற தேன்குழு; ஒவ்வொரு குழுவுக்கும் தலைவரும் எல்லையும் விதிகளும் உண்டு. எல்லை குழுவுக்கு, பலகை தனியாளுக்கு, தேனீ யாருக்கும் இல்லை. இத்தனைக்கும் அந்த நீர்க்காடு அரசின் தேசியப் பூங்கா. அக்குழுக்களின் கூட்டமைப்பு 2007-இல் தன் தேனுக்கு இயற்கை விளைபொருள் சான்று பெற்றது. எழுதப்படாத விதிகள் எழுத்துச் சான்றுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு உறுதியானவை என்பதை அது மெய்ப்பித்தது.

5. நிலையான மரம், நிலையான நிலம்

டூரியான் தோப்பு நெல்நிலத்தை விழுங்கவில்லை. பழைய வீட்டிடத்தோடு நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ரப்பர் அப்படியன்று. நெல் அறுத்த நிலத்தில் கன்று நட்டால் அந்த நிலம் சுழற்சியிலிருந்து விலகிவிடும். மரம் நிற்கும்வரை நிலமும் நட்டவருடையது. இளங்காட்டுக்கு இருந்த நெகிழ்ச்சி, கேட்டால் கொடுக்கும் வழக்கம், ரப்பர்த் தோட்டத்துக்கு இல்லை.

1930களில் போர்னியோவில் ஒரு கனவைப் பற்றிய செய்தி ஊர் ஊராகப் பரவியது: ரப்பரின் ஆவி நெல்லின் ஆவியைத் தின்கிறது என்பது கனவு. சிலர் தங்கள் ரப்பர் மரங்களை வெட்டினார்கள். டவ் 1996-இல் எழுதிய கட்டுரை இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. 1934-இல் சர்வதேச ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கை வந்தது. பெருந்தோட்டங்களைக் காக்க டச்சு அரசு சிறு உற்பத்தியாளரின் ஏற்றுமதிமீது கடுமையான வரி போட்டது. அந்தச் சூழலில், உணவு தரும் நிலத்தைச் சந்தைக்கு ஒப்படைப்பதன் ஆபத்தை மக்கள் தங்கள் மொழியில் பேசினார்கள் என்பது அவர் வாசிப்பு. எனக்கு இவ்வாசிப்பு ஏற்புடையது. மக்கள் ரப்பரை முற்றாகக் கைவிடவும் இல்லை, நெல்லை விட்டுவிடவும் இல்லை; பணம் தேவைப்படும்போது பால்வெட்டி, மற்ற நேரம் மரத்தை ஓய்வாக விட்டார்கள் என்ற பின்வரலாறு அதற்குத் துணை நிற்கிறது.

இந்தச் சமநிலை எல்லா இடத்திலும் தாக்குப்பிடிக்கவில்லை. சுலவேசித் தீவின் மலையூர்களில் இருபதாண்டுக் காலம் திரும்பத் திரும்பச் சென்று ஆராய்ந்த தானியா லீ 2014-இல் வெளியிட்ட நூலில் கோகோவின் கதையைச் சொல்கிறார். வெளியாள் யாரும் பறிக்கவில்லை. பொதுக்காட்டில் உறவினர்கள் போட்டிபோட்டுக் கோகோ நட்டார்கள், நட்ட நிலம் தனிச்சொத்தாயிற்று, கடன்பட்டவர் விற்றார், ஒரே தலைமுறையில் நிலமற்றவர்கள் உருவானார்கள். எல்லாம் பொது என்று நம்பிய செயற்பாட்டாளர்களுக்கு இந்நூல் தரும் எச்சரிக்கை கடுமையானது. கபுவாஸ் கரையோடு இதை அப்படியே பொருத்துவது பிழை. அங்கே நீள்வீட்டின் கட்டுப்பாடு வலிது, நெல்மீதான பற்றும் வலிது. ஆயினும் நிலையான மரம் நிலத்தைத் தனிச்சொத்தாக்கும் என்ற இயக்கம் இரண்டிடத்திலும் ஒன்றே.

கபுவாஸின் நடுப்பகுதியில் எண்ணெய்ப்பனை இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. ஊரார் நிலத்தை நிறுவனத்துக்கு ஒப்படைப்பார்கள்; அதில் ஒரு பகுதி இரண்டு ஹெக்டேர் துண்டுகளாகக் குடும்பங்களுக்குத் திரும்பும். மீதியின்மேல் நிறுவனத்துக்கு 35 ஆண்டு வரையும் அதற்கு மேல் நீட்டிப்பாகவும் பயன்பாட்டு உரிமை. உரிமக் காலம் முடிந்தால் நிலம் சட்டப்படி அரசுக்கே போகும், ஊருக்குத் திரும்பாது. சாங்காவ் மாவட்டத்தின் ஹிபுன் தயாக் ஊரை ஆராய்ந்து ஜூலியாவும் பென் வைட்டும் 2012-இல் எழுதிய கட்டுரை காட்டும் உண்மை நெஞ்சைச் சுடுவது. மரபில் பெண்களுக்கும் நிலத்தில் வாரிசுரிமை இருந்தது. திரும்பக் கொடுத்த துண்டுகள் குடும்பத் தலைவர் பெயரில் பதிவாயின. தலைவர் என்று படிவம் ஏற்றது பெரும்பாலும் கணவனை. பெண்ணின் உரிமையை ஊர் பறிக்கவில்லை, படிவம் பறித்தது.

6. அரசின் ஏடு

1870-இல் டச்சு அரசு கொண்டுவந்த நிலச்சட்டத்தின் வழியே வந்த கோட்பாடு எளியது: தனக்குரியது என்று ஒருவர் மெய்ப்பிக்காத நிலமெல்லாம் அரசுடையது. லைடன் பேராசிரியர் கொர்னேலிஸ் ஃபான் ஃபொலன்ஹொவன் 1919-இல் எழுதிய நூலில் இதை வன்மையாக எதிர்த்தார். தங்கள் நிலப்பரப்பின்மேல் மரபுச் சமூகங்களுக்கு உயிருள்ள உரிமை உண்டு என்று வாதாடினார். விடுதலை பெற்ற இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு வேளாண் அடிப்படைச் சட்டம் அவ்வுரிமையை ஏற்றது. ஆனால் தேச நலனுக்கு உட்பட்டது என்று கட்டுப்போட்டது. 1967ஆம் ஆண்டு வனச்சட்டம் அந்தச் சிறு இடத்தையும் மூடியது. அதே ஆண்டில் சரவாக் எல்லையோரக் காடு, படைத்துறையோடு தொடர்புள்ள யமாக்கர் நிறுவனத்துக்குக் குத்தகையாகப் போயிற்று. 1999-இல்தான் அது ரத்தானது. இடைப்பட்ட முப்பதாண்டில் அக்காட்டு ஊர்களின் சம்மதத்தைக் கேட்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நீள்வீடுகளே சுகாதாரக்கேடு, பொதுவுடைமை வாடை என்று சொல்லித் தனிவீடுகளாகப் பிரிக்க அதிகாரிகள் நெருக்கியதும் இக்காலத்தில்தான்.

திருப்பம் 2013 மே 16 அன்று வந்தது. 1999-இல் உருவான மரபுச் சமூகங்களின் கூட்டமைப்பும், ரியாவ், பாந்தன் மாநிலங்களைச் சேர்ந்த இரண்டு சமூகங்களும் தொடுத்த வழக்கில், மரபுக் காடு அரசுக் காட்டின் பகுதியன்று என்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைச் செயலாக்கும் பாதை கரடுமுரடானது. முதலில் மாவட்டம் அந்தச் சமூகத்தை அங்கீகரிக்கவேண்டும், பிறகு அமைச்சகம் காட்டை அங்கீகரிக்கவேண்டும். 2016 இறுதியில் முதல் 9 சமூகங்களுக்கு ஆணை கிடைத்தது. சுங்கை ஊத்திக் 2020-இல் 9,480 ஹெக்டேருக்குப் பெற்றது.

சுங்கை ஊத்திக் மரவெட்டிகளைத் திருப்பி அனுப்பியே பெயர் பெற்ற ஊர். அதன் காடு தொடக்கூடாத பகுதி, அளவாக எடுக்கும் பகுதி, உழைத்துப் பிழைக்கும் பகுதி என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2019-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவ்வூருக்குக் கிடைத்தது. 2023-இல் அதன் முதியவர் அப்பாய் ஜாங்குட் குல்பென்கியன் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இந்த வெற்றியை நான் முழுமனதோடு கொண்டாடுகிறேன். 150 ஆண்டு அநீதிக்கு எதிராக 28 கதவுகள் கொண்ட ஒரு வீடு நின்று வென்றது சிறிய செய்தியன்று.

7. பொதுவுக்குள் தனி

ஆனால் ஆணை எதை அங்கீகரிக்கிறது? ஒரு சமூகம், ஒரு எல்லைக்கோடு, ஒரு பரப்பளவு. அக்கோட்டுக்குள் கிடக்கும் பிலிக்குகளின் இளங்காடுகள், பங்காளிகளின் பழமரங்கள், ரப்பர்த் தோட்டங்கள் ஆணையில் இல்லை. பெலூசோ 1995-லேயே, மக்கள் வரையும் எதிர்வரைபடங்களைப் பற்றி எழுதியபோது இதை உணர்த்தினார்: வரைபடம் அரசோடு வாதாட வலிமை தருகிறது, கூடவே, நெகிழ்ந்து இயங்கிய உரிமைகளை ஒரு கோட்டில் உறையவைக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஊருக்குள் யாருக்கு எது என்பதை ஊரே பார்த்துக்கொள்ளும். அரசு அதை எழுதத் தொடங்கினால் ஹிபுன் பெண்களுக்கு நேர்ந்ததே நேரும். கூட்டுரிமை என்பதால்தான் தனியாள் விற்க முடியாது. இம்மறுப்பின் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஏற்க முடியாதது, ஊர் பார்த்துக்கொள்ளும் என்பதை என்றும் மாறாத உறுதியாக எடுத்துக்கொள்வது. ரீட் வாட்லி ஆராய்ந்த எல்லையோர ஈபான் ஊர்களில் ஆண்கள் கூலிவேலைக்குச் சரவாக் போய் மாதக்கணக்கில் தங்குவது வழக்கம். இளையோர் பொந்தியானாக்கில் படிக்கிறார்கள். யார் எந்த ஓடைக்கரையை எந்த ஆண்டு எரித்தார் என்ற அறிவு, கூடவே நடந்து பழகியவர்களிடம் மட்டுமே இருப்பது. முதல் வெட்டின் உரிமை நினைவை நம்பி நிற்கிறது. நினைவு தேய்ந்தால், உரத்துப் பேசும் குடும்பத்தின் கை ஓங்கும். இப்போது கரிம வரவுத் திட்டங்களும் பேசப்படுகின்றன. ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பணம் வந்தால், 28 கதவுகளுக்கும் சமமாகப் பங்கிடுவதா, முன்னோர் வெட்டிய பரப்புக்கு ஏற்பவா, வெளியூரில் உள்ள பங்காளிக்கும் உண்டா? பொது என்ற சொல் இவற்றுக்கு விடை தராது.

ஆகவே ஊர்களே தமக்கென ஓர் உள்ளேடு வைத்துக்கொள்வது இன்றைய தேவை என்று கருதுகிறேன். அதில் பரப்பளவை விட முக்கியமானவை வேறு: எந்தத் தோப்பில் எந்த மரம், நட்டவர் யார், மகள் வழியிலும் மகன் வழியிலும் பங்காளிகள் யார், எந்த இளங்காட்டை எந்தப் பிலிக் முதலில் வெட்டியது, இப்போது அதைக் கேட்டுப் பயிரிடுபவர் யார். எழுதும் வேலையில் கிழவிகளுக்கு முதலிடம் தரவேண்டும். பிலிக்கிலேயே தங்கிய மகளாக வாழ்ந்த பலருக்கு இந்த விவரங்கள் விரல்நுனியில் இருக்கும். ஏடு அரசு அலுவலகத்துக்குப் போகக்கூடாது. நீள்வீட்டில் இருக்கவேண்டும், ருவாயில் ஊர் கூடும்போது உரக்கப் படிக்கப்படவேண்டும், மறுப்பு இருந்தால் அங்கேயே திருத்தப்படவேண்டும். செந்தாருமின் தேன்குழுக்கள் தங்கள் பலகைகளுக்கு இதை ஒத்த ஒழுங்கை ஏற்கெனவே நடத்திக் காட்டியிருக்கின்றன.